வகுப்பறையில் ஒரு தொழில்முனைவோர்

ஜொகூர் மாநிலத்தின் ஸ்கூடாய் வட்டாரத்தில் கங்கார் பூலாய் என்றோர் ஊர் உண்டு. அந்தப் பெயருக்குள் ஒரு பழைய வரலாறு அடங்கியிருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் ஜொகூரின் ஆற்றங்கரைகள் அடர்ந்த காடாக இருந்தன. மிளகும் கம்பிர்ச் செடியும் பயிரிட விரும்பிய சீனர்கள் ஆட்சியாளரிடம் ‘சூராட் சுங்கை’ எனப்பட்ட ஆற்று உரிமைக் கடிதத்தைப் பெற்றனர். உரிமை பெற்ற தலைவர் ‘கங்சூ’ என்று அழைக்கப்பட்டார். ஆற்றோரத்தில் அவர் அமைத்த குடியிருப்பே ‘கங்கார்’ எனப் பெயர் பெற்றது.

அந்தத் தலைவர்கள் அக்காலத்துத் தொழில்முனைவோர் ஆவர். பிறர் செல்லத் தயங்கிய இடத்தில் அவர்கள் வாய்ப்பைக் கண்டனர், சிங்கப்பூர் வணிகர்களிடம் முதல் பெற்றனர், ஆட்களைத் திரட்டினர், இழப்பு நேர்ந்தாலும் தாங்கிக்கொள்ளத் துணிந்தனர். ஆயினும், கம்பிர் விளைந்த மண் சில ஆண்டுகளில் சத்தை இழந்தது. கம்பிர் இலையைக் கொதிக்க வைக்கத் தேவையான விறகுக்காகச் சுற்றியிருந்த காடும் அழிந்தது. அதன்பின் அவர்கள் புதிய நிலத்தைத் தேடிச் சென்றனர்.

இன்று ஸ்கூடாயில் கம்பிர்த் தோட்டங்கள் இல்லை. குடியிருப்புகளும் கடைவீதிகளும் பள்ளிகளும் நிறைந்துள்ளன. 1972இல் தேசியத் தொழில்நுட்பக் கழகமாக உருவாகி, 1975இல் இன்றைய பெயரைப் பெற்ற மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் முதன்மை வளாகமும் இங்குதான் இருக்கிறது. பொறியியலுக்குப் புகழ்பெற்ற அந்த வளாகத்தில் ஆசிரியர் கல்வியும் கற்பிக்கப்படுகிறது. அங்குப் பயின்று, நாளை ஒரு பள்ளிக்குப் பணியாற்றச் செல்லவிருக்கும் இளம் ஆசிரியர் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். காட்டைத் திருத்திய அந்தப் பழைய தொழில்முனைவோரிடமிருந்து அவர் கற்றுக்கொள்ள வேண்டியது ஏதேனும் உண்டா? கற்றுக்கொள்ளக் கூடாதது ஏதேனும் உண்டா?

தொழில்முனைப்பு என்பது யாது?

தொழில்முனைப்பு என்றவுடன் கடை, முதலீடு, இலாபம் ஆகியவையே நம் நினைவுக்கு வருகின்றன. பள்ளிகளில் நடைபெறும் தொழில்முனைவோர் நாளிலும் இதைத்தான் காண்கிறோம். மாணவர்கள் முறுக்கும் நாசி லெமாக்கும் குளிர்பானமும் விற்கின்றனர். மாலையில் காசை எண்ணி மகிழ்கின்றனர். விற்பனை நல்ல பயிற்சிதான். ஆனால், தொழில்முனைப்பின் உயிர் விற்பனையில் மட்டும் இல்லை.

ஆஸ்திரியப் பொருளியல் அறிஞர் ஜோசப் சும்பீட்டர் 1911இல் வெளியிட்ட நூலில் இதை விளக்கியுள்ளார். முன்பே இருக்கும் பொருள்களையும் ஆற்றல்களையும் புதிய முறையில் இணைத்துச் செயலாக்குபவரே தொழில்முனைவோர் என்பது அவருடைய கருத்தாகும். அவரிடம் பெரும்பணம் இருக்க வேண்டும் என்பதில்லை. பிறர் கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரிபவற்றை ஒன்றாக இணைத்துப் பார்க்கும் பார்வையும், பார்த்ததைச் செய்து முடிக்கும் துணிவும் இருந்தால் போதும்.

இந்தப் பொருளில் நோக்கினால், தொழில்முனைப்பு வணிகர்க்கு மட்டும் உரியது அன்று. நம் நாட்டின் இடைநிலைப்பள்ளிக் கலைத்திட்டத்தில் அது விரவிவரும் கூறுகளுள் ஒன்றாக இடம்பெற்றிருப்பதற்கும் இதுவே காரணமாகும். மாணவர்க்கு அத்திறனை ஊட்ட வேண்டிய ஆசிரியரிடமும் அது இருக்க வேண்டுமல்லவா? வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு மண்ணில் பணியாற்றிய மூன்று ஆசிரியர்களின் வாழ்க்கை இதற்கு நல்ல சான்றுகளாக அமைகின்றன.

இரு குறைகளை இணைத்தவர்

முதலாமவர் சென்னையைச் சேர்ந்த சகோதரி சுப்பலட்சுமி. 1886இல் மயிலாப்பூரில் பிறந்த அவருக்குப் பதினொன்றாம் வயதில் திருமணம் நடந்தது. சிறிது காலத்திலேயே கணவர் இறந்துவிட்டார். அக்காலத்தில் அப்படிப்பட்ட பெண் குழந்தைகள் வீட்டின் ஒரு மூலையில் ஒடுங்கி வாழ்வதே வழக்கமாக இருந்தது. சுப்பலட்சுமியின் குடும்பத்தார் அந்த வழக்கத்துக்குப் பணியவில்லை. மகளைப் படிக்க வைத்தனர். 1911இல் அவர் சென்னை மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றார். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்துக் கைம்பெண் அவரே.

படித்து முடித்த அவர் தம்மைச் சுற்றிலும் இரண்டு குறைகளைக் கண்டார். இளம் வயதில் கணவரை இழந்த சிறுமியர் கல்வியும் வருவாயும் மதிப்பும் இன்றி வாடினர். இன்னொரு புறம், பெண் கல்வி பரவ வேண்டும் என்று பலர் பேசியபோதிலும், பெண்பிள்ளைகளுக்குக் கற்பிக்கப் போதிய ஆசிரியைகள் கிடைக்கவில்லை. இவ்விரண்டும் ஊரறிந்த குறைகளே. இரண்டையும் பற்றிக் கவலைப்பட்டவர்களும் இருந்தனர். ஒன்றுக்கு மற்றொன்றே தீர்வாகலாம் என்பதைக் கண்டு செயலில் இறங்கியதே சுப்பலட்சுமியின் தனிச்சிறப்பாகும். அந்தச் சிறுமியரைப் படிக்க வைத்தால், அவர்களே நாளைய ஆசிரியைகள் ஆவர்!

1912இல் அவர் சாரதா மகளிர் சங்கத்தைத் தொடங்கினார். தம்மிடம் வந்த ஒரு சில சிறுமியரோடு ஓர் இல்லத்தையும் நடத்தினார். சொந்தக் கட்டடம் இல்லை. பெருஞ்செல்வர் ஒருவரும் பின்னால் இல்லை. பழைமையில் ஊறியவர்களின் எதிர்ப்போ பலமாக இருந்தது. ஆயினும், அவர் பேச்சில் மோதிக் காலத்தை வீணாக்கவில்லை. கல்வித்துறை அதிகாரிகளின் துணையைத் தேடிப் பெற்றார். பெற்றோரின் அச்சத்தைப் போக்கினார். மாணவியர் பெருகியபோது, சென்னைக் கடற்கரையில் முன்னொரு காலத்தில் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமித்து வைத்த ‘ஐஸ் ஹவுஸ்’ கட்டடம் அவர்களின் விடுதியாயிற்று. பனிக்கட்டிக் கிடங்கு கல்விக்கூடம் ஆனதையும் ஒரு புதிய இணைப்பு எனலாம்.

அவருடைய பணி அத்தோடு நின்றுவிடவில்லை. 1922இல் தொடங்கப்பெற்ற லேடி வில்லிங்டன் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் முதல்வராக அவர் பணியாற்றினார். சாரதா வித்தியாலயமும் அவர் முயற்சியால் உருவானது. 1956இல், எழுபது வயதில், மயிலாப்பூரில் வித்யா மந்திர் பள்ளி தோன்றவும் காரணமாக விளங்கினார். 1958இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. அவரிடம் பயின்றவர்கள் ஆசிரியைகளாகிப் பலருக்குக் கற்பித்தனர். ஒரு வணிகர் தம் முதல் பெருகுவதைப் பெருமையாகக் கருதுவார். சுப்பலட்சுமிக்கு அத்தகைய பெருமையைத் தந்தது மாணவியரின் வாழ்க்கையே.

பாடநூலில் ஒரு குறியீடு

இரண்டாமவர் நம் காலத்தவர். இந்தியாவின் மகாராட்டிர மாநிலத்தில் சோலாப்பூர் மாவட்டத்தில் பரித்தேவாடி என்னும் சிற்றூர் உள்ளது. 2009இல் ரஞ்சித்சிங் டிசாலே என்ற இளம் ஆசிரியர் அவ்வூர்த் தொடக்கப்பள்ளிக்கு வந்தார். மாட்டுத் தொழுவத்துக்கும் சேமிப்பு அறைக்கும் நடுவில், சிதைந்த நிலையில் நின்ற கட்டடமே அவருக்குக் கிடைத்த பள்ளி. பெண்பிள்ளைகள் பலர் பள்ளிக்கு ஒழுங்காக வரவில்லை. இளவயதுத் திருமணமும் அங்கு வழக்கத்தில் இருந்தது.

அவர் கண்ட மற்றொரு தடை மொழி. பாடநூல் ஒரு மொழியில் இருந்தது. பிள்ளைகள் வீட்டில் பேசியதோ கன்னடம். புரியாத மொழியில் எழுதப்பட்ட நூல் குழந்தைக்கு மூடிய கதவாகவே இருக்கும். டிசாலே முதலில் தாமே கன்னடம் கற்றார். பிறகு பாடநூல்களைப் பிள்ளைகளின் தாய்மொழியில் ஆக்கியதோடு, அவற்றில் ‘கியூ ஆர்’ குறியீடுகளையும் சேர்த்தார். கைப்பேசியில் அக்குறியீட்டைக் காட்டினால் பாட்டும் கதையும் காணொளிப் பாடமும் பயிற்சியும் கிடைக்கும்.

இங்கும் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட பொருள் எதுவும் இல்லை. அந்தக் குறியீடு தொழிற்சாலைகளிலும் கடைகளிலும் முன்பே பயன்பட்டு வந்தது. பாடநூலும் முன்பே இருந்தது. பிள்ளைகளின் வீட்டிலிருந்த கைப்பேசியும் புதிதன்று. இம்மூன்றையும் ஒரு குழந்தையின் தேவைக்காக இணைத்ததே புதுமையாகும். சிற்றூர்ப் பள்ளியில் பயன் தந்த இம்முயற்சியைப் பின்னர் மாநில அரசும் ஏற்றுப் பாடநூல்களில் பயன்படுத்தத் தொடங்கியது.

2020 டிசம்பரில் டிசாலேக்கு உலக ஆசிரியர் பரிசு கிடைத்தது. பத்து இலட்சம் அமெரிக்க டாலர் மதிப்புள்ள பரிசு அது. அறிவிப்பு வந்தவுடன் அவர் செய்த செயல் உலகத்தையே வியக்க வைத்தது. பரிசுத் தொகையில் பாதியை, தம்மோடு இறுதிச் சுற்றுக்கு வந்த மற்ற ஒன்பது ஆசிரியர்களுக்கும் பகிர்ந்தளிப்பதாக அவர் அறிவித்தார். சந்தையில் வெற்றி பெற்றவர் தம் போட்டியாளருக்கு இலாபத்தில் பங்கு கொடுப்பதில்லை. கல்வியிலோ ஓர் ஆசிரியரின் வெற்றி மற்றோர் ஆசிரியரின் இழப்பு ஆவதில்லை. வணிகத் தொழில்முனைப்பும் ஆசிரியத் தொழில்முனைப்பும் பிரியும் இடங்களுள் இதுவும் ஒன்று.

‘முடியாது’ என்பதை ஏற்காதவர்

டிசாலே பரிசைப் பகிர்ந்துகொண்ட ஒன்பது பேருள் ஒருவர் மலேசியர் என்பது நமக்குப் பெருமை தரும் செய்தியாகும். சாமுவேல் ஐசாயா என்னும் அந்த ஆசிரியர் பகாங் மாநிலத்தின் ருஞ்சாங் தேசியப்பள்ளியில் பூர்வகுடிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பித்தவர்.

பூர்வகுடிப் பிள்ளைகளால் படிக்க இயலாது என்ற எண்ணம் சமுதாயத்தில் பலரிடம் நிலவி வந்தது. ஒரு பிள்ளையைப் பற்றி ஆசிரியர் இவ்வாறு முடிவு செய்துவிட்டால், அவருடைய கற்பித்தலும் அந்த முடிவுக்கு ஏற்பச் சுருங்கிவிடும். சாமுவேல் அந்த முடிவை ஏற்கவில்லை. பிள்ளைகளிடம் இல்லாததை எண்ணி வருந்துவதைவிட அவர்களிடம் இருப்பதிலிருந்து தொடங்கினார். அவர்களுக்குப் பாட்டு பிடித்திருந்தது. பாடலும் யுக்கலேலே இசையும் அவர் வகுப்பில் ஆங்கிலம் கற்பிக்கும் கருவிகளாயின. அவர்களுடைய வாழ்க்கையையும் பண்பாட்டையும் அறிந்து அதற்கேற்பப் பாடத்தை அமைத்தார். பொதுமக்களிடம் நிதி திரட்டி, தட்டைக் கணினி முதலிய வசதிகளை வகுப்பறைக்குக் கொண்டுவந்தார். அயல்நாட்டு வகுப்பறைகளோடு இணையவழி உரையாடும் வாய்ப்பையும் தம் மாணவர்க்கு ஏற்படுத்தித் தந்தார்.

இந்த ஆசிரியர்களிடம் பொதுவாகக் காணப்படும் பண்புகள் சில உள்ளன. குறையைக் கண்டு புலம்பாமல் அதில் வாய்ப்பைக் காண்பது முதற்பண்பு. கையிலுள்ள சிறிய வளங்களைப் புதிய முறையில் இணைப்பது இரண்டாவது. பெற்றோர், அதிகாரிகள், பொதுமக்கள் எனத் துணைவர்களைத் தேடிச் சேர்ப்பது மூன்றாவது. உடனே பயன் தெரியாதபோதும் ஆண்டுக்கணக்கில் விடாமல் முயல்வது நான்காவது. இவை அனைத்தும் ஒரு நல்ல தொழில்முனைவோரிடமும் காணப்படும் பண்புகளே.

இழப்பு யாருடையது?

எனினும், ஒரு கேள்வியைக் கேட்காமல் இப்பண்புகளைப் போற்றிவிட முடியாது. தொழில்முனைவோர் துணிந்து செயல்படுபவர். துணிந்தால் இழப்பும் நேரலாம். வணிகர் தோற்றால் அவருடைய முதல் போகும். மீண்டும் உழைத்து அதை ஈட்டலாம். ஆசிரியர் புதிய முறையொன்றைச் சோதித்துத் தோற்றால் போவது எது? ஒரு மாணவரின் ஓராண்டு. நான்காம் படிவத்தில் கழிந்த ஆண்டை அம்மாணவர் மீண்டும் பெற இயலுமா?

எனவே, ஆசிரியரின் துணிவுக்கு ஓர் எல்லை வேண்டும். தம்முடைய நேரத்தையும் வசதியையும் பழகிப்போன வழிமுறையையும் அவர் பணயம் வைக்கலாம். மாணவரின் எதிர்காலத்தைப் பணயம் வைத்தல் ஆகாது. சுப்பலட்சுமி ஊராரின் பழிச்சொல்லைத் தம் தலைமேல் ஏற்றார். டிசாலே புதிய மொழியைக் கற்கும் உழைப்பைத் தாம் மேற்கொண்டார். சாமுவேல் பொதுமக்களிடம் உதவி கேட்கும் பொறுப்பைத் தாம் சுமந்தார். ஒவ்வொருவர் முயற்சியிலும் சுமை ஆசிரியருடையதாகவும் பயன் மாணவருடையதாகவும் இருந்ததைக் காணலாம்.

இந்த எல்லையைக் காப்பது எப்படி? ஒரு வகுப்பை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். முப்பது மாணவர்களுள் ஐவருக்குத் தமிழில் சரளமாக வாசிக்க வரவில்லை. ஆசிரியர் ஒரு புதிய வழியை எண்ணுகிறார். அந்த ஐவரும் தங்கள் தாத்தா பாட்டியிடம் தோட்டப்புறக் கதைகளைக் கேட்டு, கைப்பேசியில் பதிவு செய்து, எழுத்தில் வடித்து, வகுப்பில் வாசிக்க வேண்டும். அவர் முதலில் இரண்டு வாரம் மட்டும் இதை நடத்திப் பார்ப்பார். வழக்கமான பாடத்தையும் நிறுத்தமாட்டார். தலைமையாசிரியருக்கும் பெற்றோருக்கும் நோக்கத்தை விளக்குவார். தொடக்கத்திலும் முடிவிலும் ஒவ்வொருவரின் வாசிப்பையும் குறித்து வைப்பார். முன்னேற்றம் தெரிந்தால் விரிவாக்குவார். தெரியாவிட்டால் தம் திட்டத்தின் மேல் கொண்ட பற்றை விட்டுவிட்டு வேறு வழி தேடுவார். சிறிதாகத் தொடங்குதல், அளந்து பார்த்தல், தவற்றை ஒப்புக்கொள்ளுதல் ஆகிய மூன்றும் துணிவுக்குக் காவலாக அமைகின்றன. பணம் திரட்ட நேர்ந்தால், ஒவ்வொரு காசுக்கும் கணக்குக் காட்டுவதும் அவர் கடமையாகும்.

மற்றொன்றையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். ஆசிரியர் முனைப்புள்ளவர் என்பதற்காக, பள்ளிக்குத் தேவையான அனைத்தையும் அவரே திரட்டிக்கொள்ளட்டும் என்று பிறர் ஒதுங்கிவிடுதல் முறையாகாது. நல்ல கட்டடமும் நூல்களும் இணைய வசதியும் ஒவ்வொரு குழந்தைக்கும் உரியவை. அவற்றை வழங்குவது பொறுப்பில் உள்ளோரின் கடமை. ஆசிரியரின் முனைப்பு அந்தக் கடமைக்கு மாற்றாகாது. அது, கொடுக்கப்பட்ட வளத்தை மேலும் பயனுள்ளதாக்கும் ஆற்றல் ஆகும்.

மீண்டும் ஸ்கூடாய்

2020 மார்ச் 18ஆம் நாள் நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. ஸ்கூடாய் உட்பட நாடெங்கும் பள்ளிகளின் கதவுகள் மூடப்பட்டன. அக்காலத்தில் பல ஆசிரியர்கள் புலனக் குழுக்களிலும் இணைய வகுப்புகளிலும் பாடம் நடத்தக் கற்றுக்கொண்டனர். சிலர், கைப்பேசி இல்லாத மாணவர்க்காகப் பயிற்சித் தாள்களை அச்சிட்டுக் கொடுத்தனர். அவர்கள் எவரும் தங்களைத் தொழில்முனைவோர் என்று எண்ணியிருக்கமாட்டார்கள். ஆயினும், இருந்ததைக் கொண்டு புதிய வழி கண்டதால், அவர்களும் அப்பெயருக்கு உரியவர்களே.

தொடக்கத்தில் எண்ணிப் பார்த்த அந்த இளம் ஆசிரியருக்கு இப்போது விடை கிடைத்திருக்கும். கங்காரை அமைத்த முன்னோடிகளிடமிருந்து அவர் கற்க வேண்டியவை பல உள்ளன. பிறர் காடு என்று ஒதுக்கிய இடத்தில் விளைநிலத்தைக் கண்ட பார்வை அவற்றுள் ஒன்று; துணைவரைத் திரட்டிய திறன் மற்றொன்று; கடும் உழைப்பு இன்னொன்று. அவர்களிடமிருந்து கற்கக் கூடாததும் ஒன்று உண்டு. கம்பிர் விளைவித்தவர்கள் மண் சத்திழந்தபோது அடுத்த நிலத்தை நாடிச் சென்றனர். ஆசிரியர் அவ்வாறு செல்ல முடியாது. விளைச்சல் குறைந்த நிலம் போலத் தோன்றும் மாணவரிடமே அவர் கூடுதலாக நின்று பாடுபட வேண்டியிருக்கிறது.

மாணவர்களுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. வகுப்பில் ஆசிரியர் ஒரு புதிய முயற்சியைத் தொடங்கும்போது, “இது தேர்வுக்கு வருமா?” என்று மட்டும் கேட்டுவிட்டு ஒதுங்கிவிடலாம், அல்லது, “இதில் நான் என்ன செய்யலாம்?” என்று கேட்டு முன்வரலாம். பின்னதைக் கேட்கும் மாணவர் அந்த ஆசிரியரின் பங்காளியாகிறார். தொழில்முனைப்பின் முதற்பாடத்தையும் அப்போதே அவர் கற்றுக்கொள்கிறார்.